சிம்ம சொப்பனத்தைத் தேடி ரம்னூஸ் வரை

முதல் நாள், ஏதென்ஸ்

ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 27 ஆண்டுகள் மொழிபெயர்த்துக் காலம் தள்ளியவள் நான். ஆங்கிலத்தில் வரும் கிரிக்கெட் செய்திகளில் 'நெமெசிஸ்' என்ற சொல் அடிக்கடி வந்து நிற்கும். இங்கிலாந்து மட்டையாளர் மைக்கேல் ஆதர்டனை டெஸ்ட் போட்டிகளில் 19 முறை ஆட்டமிழக்கச் செய்தவர் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் கிளென் மெக்ராத்; ஆகவே மெக்ராத், ஆதர்டனின் நெமெசிஸ். இரவு பதினொரு மணிக்குப் பக்கத்தை முடித்துக்கொடுக்கும் அவசரத்தில் 'சிம்ம சொப்பனம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். கனவில் சிங்கத்தைக் கண்டாலே யானை உயிரை விட்டுவிடும் என்பது பழைய நம்பிக்கை. எத்தனை பெரிய ஆட்டக்காரருக்கும் இப்படி ஒரு சிங்கம் வாய்த்துவிடுகிறது. சொல் அழகாகவே பொருந்தியது, அச்சேறியது, யாரும் குறை சொல்லவில்லை.

உறுத்தல் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. நெமெசிஸ் கிரேக்கப் பெண் தெய்வம் என்பது தெரியும். ஆனால் அவள் யாருக்கு எதிரி? சூரபத்மனுக்கு முருகன், இராவணனுக்கு இராமன் என்பதுபோல அவளுக்கு நேரே எழுத ஒரு பெயரும் கிடைக்கவில்லை. அவள் யாரோடும் போர் புரிந்ததாகக் கதையே இல்லை. சண்டையே போடாத ஒருத்தியின் பெயர் எப்படி வெல்ல முடியாத எதிரியின் பெயராயிற்று? ஏதென்ஸுக்கு வடகிழக்கே, கடலோரத்தில், ரம்னூஸ் என்ற இடத்தில் அவளுடைய கோயில் இடிந்து கிடக்கிறது என்று படித்தேன். பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். இத்தனை ஆண்டுகளாகச் சிறகு விரித்து வாளோடு வருபவளாகவே அவளை மனத்தில் வைத்திருக்கிறேன்.

துணைக்கு அக்கா வந்திருக்கிறாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். சாமி கதைகளில் அவளுக்கு நம்பிக்கையும் இல்லை, விரோதமும் இல்லை. "ஐந்து நாள் வேறு யாராவது சமைத்துப் போடுவார்களே, அது போதும்" என்று சொல்லித்தான் பெட்டியைக் கட்டினாள்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சின்டாக்மா சதுக்கம் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. அக்டோபர் மாதக் குளிர் சால்வையோடு முடிந்துபோகிறது. தங்குமிடத்துக்கு அருகே ஒரு சிறிய உணவகம். இறைச்சி வேண்டாம் என்றதும் பரிமாறியவர் பெரிய வெள்ளை அவரை விதைகளைத் தக்காளியில் வேகவைத்த பதார்த்தத்தைக் காட்டி, "மெரீடா?" என்று கேட்டார். விரலால் பாதியைக் காட்டி, "மிஸீ மெரீடா?" என்றார். மெரீடா என்றால் ஒரு பங்கு. மிஸீ என்றால் பாதி. அக்கா உடனே பாதிப் பங்கு என்றாள். வந்த பாதிப் பங்கை எங்கள் இருவராலும் சேர்ந்து தின்று முடிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள், ஏதென்ஸ்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். சிறகும் வாளும் பிற்காலத்தில் சேர்ந்தவை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து ஊர் ஊராக எழுதி வைத்த பவுசானியஸ், ரம்னூஸ் சிலைக்குச் சிறகு கிடையாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இன்றைய இஸ்மிராகிய ஸ்மிர்னாவில் இருந்த மிகப் புனிதமான பழைய சிலைகளுக்கும் சிறகு இல்லையாம், பிற்காலச் சிற்பிகள்தான் வைத்தார்களாம். அந்த ஸ்மிர்னாவில் ஒன்றுக்கு இரண்டு நெமெசிஸ்களை வழிபட்டிருக்கிறார்கள்.

காலையில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். ரம்னூஸில் கிடைத்த தெமிஸ் சிலை இங்கே இருக்கிறது. தெமிஸ் நீதிக்கும் முறைமைக்கும் உரிய தெய்வம். நெமெசிஸோடு ரம்னூஸில் குடியிருந்தவள். கி.மு. 300 வாக்கில் கைரெஸ்ட்ராட்டோஸ் என்ற உள்ளூர்ச் சிற்பி செய்தது. ஆளைவிட உயரம். மார்புக்குக் கீழே கச்சையால் இறுக்கிக் கட்டிய மேலாடை, நேரான பார்வை, கைகள் உடைந்து போயிருக்கின்றன. பள்ளியில் எங்களுக்கு வாய்த்த ஒரு தலைமை ஆசிரியை நினைவுக்கு வந்தார். அக்காவுக்கும் அதே நினைவு வந்திருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

சிலைக்கு எதிரே உட்கார்ந்து அக்காவுக்குச் சொல்லின் கதையைச் சொன்னேன். கிரேக்கத்தில் 'நெமெய்ன்' என்றால் பங்கிடுவது, அவரவருக்கு உரியதை அளந்து கொடுப்பது. அதிலிருந்து வந்தவள்தான் நெமெசிஸ். சட்டத்தைக் குறிக்கும் 'நோமோஸ்' அவளுக்கு உறவு. வீட்டை நிர்வகிப்பதைக் குறிக்கும் 'ஒய்கொனோமியா' என்ற சொல்லின் பின்பாதியும் அதே வேரில் முளைத்தது. ஆங்கிலத்தில் பொருளாதாரத்துக்கு வழங்கும் சொல் அதன் பேத்தி. ஆகவே நெமெசிஸின் வேலை அடிப்பது இல்லை, அளப்பது. ஒருவனுக்குப் பங்குக்கு மேல் நல்வாழ்வு கிடைத்து, அதில் தலைகால் தெரியாமல் அவன் ஆடும்போது மிகுதியை அவள் திரும்ப எடுத்துக்கொள்கிறாள்.

"அப்படியானால் பாகப்பிரிவினைக்கு வந்து உட்காரும் பெரிய மனிதர் மாதிரி" என்றாள் அக்கா. "நம் சித்தப்பா வீட்டைப் பிரித்தாரே, அப்படி."

சித்தப்பா கிணற்றை யாருக்கு ஒதுக்கினார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மேற்கொண்டு அதைப் பேசவில்லை.

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். தொல்காப்பியம் உயர்திணைச் சொற்களைப் போல் தோன்றினாலும் அஃறிணையாக முடியும் சொற்களை ஒரு நூற்பாவில் அடுக்குகிறது: 'காலம் உலகம் உயிரே உடம்பே, பால்வரை தெய்வம் வினையே பூதம்...' பால் என்றால் பங்கு. பங்கை வரையறுக்கும் தெய்வம் பால்வரை தெய்வம். 'வகுத்தான் வகுத்த வகையல்லால்' என்று குறள் சொல்வதும் அந்த வகுப்பவனைத்தான். கிரேக்கத்துக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 27 ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தச் சொல் நினைவுக்கு வரவில்லையே என்றுதான் வருத்தம். வந்திருந்தாலும், 'ஆதர்டனின் பால்வரை தெய்வம் மெக்ராத்' என்று தலைப்பு வைத்திருந்தால் செய்தி ஆசிரியர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அக்கா என் விளக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு அன்டிகிதேரா கருவியைப் பார்க்கப் போய்விட்டாள். கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த வெண்கலப் பல்சக்கரப் பொறி. சூரிய சந்திர ஓட்டங்களைக் கணக்கிட 2000 ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்டது. பச்சைக் களிம்பு ஏறிய கட்டிக்குள் பல்சக்கரம் இருப்பதை 1902இல் கவனித்துச் சொன்னவர் வலேரியோஸ் ஸ்டைஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நாளையும் நாளை மறுநாளும் வருவார். கண்ணாடிப் பெட்டியின் முன் அக்கா ஒரு மணி நேரம் நின்றாள். சக்கரத்தின் பற்களை எண்ண முயன்றாள் என்று நினைக்கிறேன்.

மாலையில் மழை. அறையிலேயே இருந்துவிட்டோம்.

மூன்றாம் நாள், மராத்தான்

பேடியன் ஆரேயோஸ் பூங்காவை ஒட்டிய நிறுத்தத்தில் ஆரஞ்சு நிறப் புறநகர் பஸ் கிடைக்கிறது. ஓட்டுநரிடம் 'திம்வோஸ்' என்று சொல்லி வைத்தோம். கல்லறை மேடு என்று பொருள். அவர் மறந்துவிட்டார், இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கித் திரும்பி நடந்தோம். சாலையோரம் மூன்று பேர் வியர்வை சொட்ட ஏதென்ஸ் திசையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

மேடு சுமார் 9 மீட்டர் உயரம், ஒலிவ மரங்களுக்கு நடுவே புல் மூடிக் கிடக்கிறது. கி.மு. 490இல் பாரசீகப் படையை எதிர்த்து இறந்த ஏதென்ஸ்காரர்கள் 192 பேர் என்கிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ். பாரசீகர் பக்கம் 6400. வெற்றி பெற்றவர் எழுதிய கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் 1890இல் இந்த மேட்டைத் தோண்டியவர் சாம்பலும் எரிந்த எலும்புகளும் கண்டார். தோண்டியவர் நேற்றுச் சொன்ன அதே ஸ்டைஸ். "பல்சக்கரக்காரரா?" என்று அக்காவின் முகம் மலர்ந்தது. அதன்பின் மேட்டை மரியாதையோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

நெமெசிஸுக்கும் மராத்தானுக்கும் என்ன தொடர்பு என்பதைப் பவுசானியஸ் சொல்கிறார். பாரசீகர்கள் கரையிறங்கும்போதே, ஏதென்ஸைப் பிடித்துவிட்டது போன்ற நினைப்பில், வெற்றிச் சின்னம் செதுக்குவதற்காகப் பாரோஸ் தீவின் வெள்ளைப் பளிங்குப் பாறை ஒன்றைக் கூடவே கொண்டுவந்தார்களாம். சண்டை நடக்குமுன்பே கோப்பைக்கு அலமாரி செய்த கதை. தோற்று ஓடியபோது கல் கிடந்துவிட்டது. அதில்தான் பின்னால் நெமெசிஸின் சிலையைச் செதுக்கினார்கள் என்கிறார். ரம்னூஸில் கிடைத்த சிலைத் துண்டுகள் பாரோஸ் பளிங்குதான். ஆனால் சிலை செய்யப்பட்டது போருக்கு ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து. அவ்வளவு நாள் அந்தக் கல்லை யார் பத்திரமாக வைத்திருந்தார்கள்? எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதை நன்றாக இருக்கிறது என்பதாலேயே கூடுதலாகச் சந்தேகப்படுகிறேன். விளையாட்டுப் பக்கத்தில் கற்ற பழக்கம் இது.

நான் முழுமனத்தோடு நம்ப விரும்புவது வேறொரு கதை. பாரசீகருக்கு வழிகாட்டி வந்தவன் ஹிப்பியஸ். ஒரு காலத்தில் ஏதென்ஸை ஆண்டு, துரத்தப்பட்டு, கிழவனான பிறகு பகைவர் கப்பலில் ஏறித் தாய்மண்ணை மீட்க வந்தவன். மராத்தான் கரையில் படையை அணிவகுக்கச் செய்துகொண்டிருந்தபோது அவனுக்குப் பலமான தும்மலும் இருமலும் வந்தன. ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று தெறித்து மணலில் விழுந்துவிட்டது. குனிந்து தேடித் தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமூச்சோடு சொன்னான்: இந்த மண் நமக்கு உரியது அல்ல, நாம் இதை வெல்லப் போவதில்லை. இதில் எனக்கு இருந்த பங்கை என் பல் எடுத்துக்கொண்டது.

ஹெரொடோட்டஸ் அங்கே பங்கு என்பதற்கு எழுதிய சொல் 'மெரோஸ்'. முதல் நாள் உணவகத்தில் கேட்ட மெரீடா அதன் வழி வந்ததுதான். இதை அக்காவிடம் சொன்னேன். "கிழவருக்கு மிஸீ மெரீடாகூடக் கிடைக்கவில்லை" என்றாள்.

இரவு மராத்தானிலேயே தங்கல். அறையில் கொசு.

நான்காம் நாள், ரம்னூஸ்

ரம்னூஸுக்கு நேரே போகும் பஸ் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. டாக்சிதான். ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியில் பச்சை மூவிலைக் கொடி தொங்கியது. பனதினாய்கோஸ் கால்பந்து அணியின் ரசிகர். தொழில் பழக்கம் விடாமல், பரம வைரியான ஒலிம்பியாகோஸை நெமெசிஸ் என்று சொல்வீர்களா என்று கேட்டேன். கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவர்கள் எயோனியி" என்றார். நித்தியமானவர்கள் என்று பொருள். இந்த இரண்டு அணிகளையும் நித்திய எதிரிகள் என்றுதான் இங்கே சொல்கிறார்கள். "நெமெசிஸ் கடவுள் விஷயம் அல்லவா? நீங்கள் பார்க்கப் போகும் இடம்" என்று சாலையைக் கைகாட்டினார். ஊர்க்காரர் வாயால் இதைக் கேட்டது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பவுசானியஸ் கணக்கில் மராத்தானிலிருந்து 60 ஸ்டேடியம், சுமார் 11 கிலோமீட்டர். நுழைவாயிலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. மண் பாதை. இருபுறமும் புதர்கள், அவற்றின் காலடியில் இளஞ்சிவப்புச் சைக்ளமென் பூக்கள் இலையில்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரத்தில் உயரமான மேடை. அதன்மேல் இரண்டு கோயில்கள், ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு, ஆனால் சிறிது கோணலாக, பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி வீடுகள்போல நிற்கின்றன. நிற்கின்றன என்பதுகூட மிகை. சின்னதில் சுவரின் அடிப்பகுதி இருக்கிறது. ஒழுங்கற்ற பலகோணக் கற்களைச் சிறு இடுக்கும் தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். நேற்று முன்தினம் பார்த்த தெமிஸ் சிலை இதற்குள் கிடைத்ததுதான். முன்பு வாசலில் பளிங்கு நாற்காலிகள் இரண்டு இருந்தன, ஒன்று தெமிஸுக்கு, ஒன்று நெமெசிஸுக்கு. 1890களின் தொடக்கத்தில் இங்கே தோண்டியவர் யார் என்று சொல்ல வேண்டுமா? ஸ்டைஸ்தான்.

பெரியது நெமெசிஸின் கோயில். பெரியது என்றாலும் சுமார் 21 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். முன்னும் பின்னும் ஆறு, பக்கவாட்டில் பன்னிரண்டு என்ற கணக்கில் தூண்கள் இருந்தன. கி.மு. 430களில் தொடங்கிய வேலை. அக்கா குனிந்து ஒரு தூணின் அடித்துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது முடியவில்லை" என்றாள். உண்மைதான். டோரிக் தூண்களில் மேலிருந்து கீழ்வரை வரிவரியாகக் குழி செதுக்குவார்கள். இங்கே அந்த வேலையைத் தொடங்கிய சுவடு மட்டும் இருக்கிறது, மற்ற இடமெல்லாம் மொழுமொழுவென்று கிடக்கிறது. படிக்கற்களிலும் கடைசி இழைப்பு நடக்கவில்லை. கி.மு. 431இல் ஸ்பார்ட்டாவோடு நீண்ட போர் தொடங்கியது, வேலை நின்றுவிட்டது என்கிறார்கள். பேரரசாக வீங்கியிருந்த ஏதென்ஸ் எல்லாவற்றையும் இழந்தது அந்தப் போரில்தான். அந்த நேரத்தில் அவர்கள் அரைகுறையாக விட்டுப் போனது இந்தக் கோயில்.

சிலை உள்ளே நின்றது. புகழ்பெற்ற ஏதென்ஸ் சிற்பி ஃபிடியஸ் செய்தது என்று பவுசானியஸ் எழுதினாலும், அவருடைய மாணவர் பாரோஸ் தீவின் அகொரக்ரிட்டஸ் செய்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. தலையில் மான்களும் சிறிய வெற்றித் தேவதைகளும் பொறித்த முடி. இடக்கையில் ஆப்பிள் கிளை, வலக்கையில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் எத்தியோப்பியர் உருவங்கள். எதற்காக எத்தியோப்பியர் என்று பவுசானியஸ் தலையைப் பிய்த்துக்கொண்டு, மற்றவர்கள் சொன்ன விளக்கத்தை ஏற்காமல், அது ஏன் தவறு என்று விரிவாக வாதாடுகிறார். 1800 ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் ஒருவர் வெயிலில் நின்று இப்படி எரிச்சல்பட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அகொரக்ரிட்டஸ் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் கதைதான் என்னை இந்த மேடையில் அரை மணி நேரம் உட்கார வைத்தது. அவருக்கும் அல்கமெனஸ் என்ற சிற்பிக்கும் அஃப்ரொடைட்டி சிலை செய்வதில் போட்டி. இருவரும் ஃபிடியஸின் மாணவர்கள். ஏதென்ஸ்காரர்கள் வாக்களித்து அல்கமெனஸைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலை சிறந்தது என்பதற்காக இல்லை, அவர் உள்ளூர்க்காரர் என்பதற்காக. தோற்ற பாரோஸ்காரர் தன் சிலையை விற்றார், ஒரே நிபந்தனையோடு: அது ஏதென்ஸ் நகரத்துக்குள் நிற்கக் கூடாது. பிறகு அதற்கு நெமெசிஸ் என்று பெயர் வைத்தார். அது ரம்னூஸுக்கு வந்து சேர்ந்தது.

காதல் தெய்வத்தைச் செதுக்கிவிட்டு ஒரே இரவில் பெயரை மாற்றினால் கையில் ஆப்பிள் கிளையும் தலையில் மானும் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனாலும் இந்தச் சொல் எனக்கு விளையாட்டுப் பக்கத்தில் அறிமுகமானது. அதன் ஊரில் முதலில் எதிர்ப்பட்டதும் ஓரவஞ்சனை செய்த ஒரு போட்டியின் கதை. இன்னொரு பழைய குறிப்பு, அந்த ஆப்பிள் கிளையில் ஒரு சிறிய பலகை தொங்கியது என்கிறது: 'பாரோஸ்காரன் அகொரக்ரிட்டஸ் செய்தான்.' ஊர்ப் பெயரை விடாமல் எழுதியிருக்கிறார்.

பீடத்தில் செதுக்கியிருந்த காட்சி இன்னும் விசித்திரமானது. லீடா, ஹெலனைக் கைப்பிடித்து நெமெசிஸிடம் அழைத்துப் போகிறாள். ட்ராய் நகரம் எரியக் காரணமான ஹெலனின் தாய் லீடா என்றுதான் நாம் படித்திருக்கிறோம். பழைய காவியக் கதை ஒன்றில் தாய் நெமெசிஸ். ஸீயஸ் அவளைத் துரத்துகிறான். அவள் விருப்பமின்றி, வெட்கத்தோடும் சீற்றத்தோடும் ஓடுகிறாள். கடலில் மீனாகிறாள், கரையில் விலங்குகளாக மாறி மாறி ஓடுகிறாள். கடைசியில் அகப்பட்டுக்கொள்கிறாள். பிறந்த முட்டை லீடாவிடம் போய்ச் சேர்கிறது, அவள் வளர்க்கிறாள். நெமெசிஸுக்கு 'அத்ராஸ்டெயா' என்றும் ஒரு பெயர் உண்டு: அவளிடமிருந்து யாரும் ஓடித் தப்ப முடியாது என்று பொருள். அத்தனை உருவம் எடுத்து ஓடியும் தப்ப முடியாமல் போனவள் அவளேதான். இதை அக்காவிடம் சொன்னபோது அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே யூபியா தீவு நீலமாகத் தெரிந்தது.

சொல் எப்படித் திரிந்தது என்பதை அங்கேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஹோமரில் அவள் தெய்வமாகக்கூட இல்லை. தகாத ஒன்றைக் கண்டு நல்லவர் முகம் சுளிக்கும் அந்தச் சுளிப்புக்குத்தான் அங்கே நெமெசிஸ் என்று பெயர். மதில்மேல் உட்கார்ந்த ட்ராய் கிழவர்கள் ஹெலன் நடந்து வருவதைப் பார்த்து, இப்படிப்பட்டவளுக்காக இரு படையும் துன்பப்படுவதில் 'நெமெசிஸ் இல்லை' என்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது என்று பொருள். தாயின் பெயரைச் சொல்லி மகளை மன்னித்திருக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் அவளை இரவின் மகளாக்கினார். உலகம் கெட்டுப்போகும்போது வெட்கமும் நெமெசிஸும் வெள்ளாடை போர்த்திக்கொண்டு மனிதரை விட்டுப் போய்விடுவார்கள் என்றும் எழுதினார். ஹெரொடோட்டஸில் அது தண்டனையாகிறது: உலகிலேயே பாக்கியசாலி நான்தான் என்று நினைத்த குரோசஸ் மன்னனைக் கடவுளிடமிருந்து பெரிய நெமெசிஸ் பற்றிக்கொண்டது, மகன் செத்தான். அரிஸ்டாட்டில் அதைத் திரும்ப மனித குணமாக்கி நடுவில் நிறுத்தினார்: ஒரு பக்கம் யார் நன்றாக இருந்தாலும் வயிறெரிகிற பொறாமை, மறுபக்கம் பிறர் விழுந்தால் கைகொட்டும் குணம், நடுவே தகுதியில்லாதவன் வாழ்வதைக் கண்டு வருந்தும் நெமெசிஸ். 27 ஆண்டுகளில் வாசகர் கடிதங்களில் முதல் இரண்டை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரோமானியர் கைக்குப் போனபோது அவள் அரங்கத்துக்குள் நுழைந்துவிட்டாள். ஆஸ்திரியாவின் கார்னுன்டம், ஹங்கேரியின் அக்வின்கம் போன்ற இடங்களில் ஆளோடு ஆள் மோதும் வட்ட அரங்கத்தை ஒட்டியே அவளுக்குச் சன்னிதி இருந்தது. பிறகு ஆங்கிலம். 1590களில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில், பிரெஞ்சுக்காரர்களை நடுங்கவைத்த டால்பட் என்ற ஆங்கிலத் தளபதி அவர்களுடைய 'கறுப்பு நெமெசிஸ்' என்று அழைக்கப்படுகிறான். பங்கிடும் தெய்வம் தண்டனையாகி, தண்டனை அதைக் கொண்டுவரும் ஆளாகி, அந்த ஆள் எதிரணிக்காரனாகிவிட்டான். அதன்பின் அவன் கையில் ஒரு கிரிக்கெட் பந்தைக் கொடுப்பதுதான் பாக்கி. இந்தக் கடைசிக் கட்டத்தில் நழுவிப்போனது 'உனக்கு இது தகும்' என்ற பகுதி. மெக்ராத்திடம் 19 முறை ஆட்டமிழக்கும் அளவுக்கு ஆதர்டன் என்ன ஆணவம் செய்துவிட்டார்?

கோயில் நெற்றிக் கல்லில் கி.பி. முதல் நூற்றாண்டில் அகஸ்டஸ் பேரரசரின் மனைவி லிவியாவின் பெயரைப் பொறித்து, கோயிலை அவளுக்கு அர்ப்பணித்துவிட்டார்கள். செருக்கை அடக்கும் தெய்வத்தின் வீட்டிலேயே மகாராணிக்குப் பெயர்ப் பலகை. நெமெசிஸ் பொறுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

மேடையிலிருந்து கடலை நோக்கி ஒரு பாதை இறங்குகிறது. இருமருங்கும் பளிங்குக் கல்லறைகள், கீழே கோட்டை. என் முழங்கால் பாதியில் மறுத்துவிட்டது. அக்கா மட்டும் கொஞ்ச தூரம் போய் வந்து, "சுவர் நன்றாக இருக்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஐந்தாம் நாள், ஏதென்ஸ்

கடைசிக் காலை. தங்குமிடத்துக்குக் கீழே உள்ள ரொட்டிக் கடையில் எள் தூவிய வளைய ரொட்டி வாங்க நின்றோம். முன்னால் ஒரு இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். கடைக்காரப் பாட்டி குழந்தையின் கன்னத்தைத் தொட்டு ஏதோ கொஞ்சினாள், உடனே முகத்தைத் திருப்பி "ஃப்து, ஃப்து, ஃப்து" என்று மூன்று முறை துப்புவதுபோல் செய்தாள். அக்கா என் கையைக் கிள்ளினாள். எங்கள் வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்ததும் அம்மா செய்வது இதைத்தான்.

நெமெசிஸின் பிற்காலச் சிலைகளில் ஒரு சைகை உண்டு. கழுத்தருகே ஆடையைச் சற்று இழுத்துப் பிடித்து மார்புக்குள் குனிந்து பார்க்கிறாள். தன் மார்பில் தானே துப்பிக்கொள்கிறாள் என்கிறார்கள், அளவுக்கு மீறிய புகழ்ச்சி வந்த இடத்தில் கேடு வராமலிருக்க. துணிச்சலாக ஒன்றைச் சொல்லுமுன் 'அத்ராஸ்டெயாவை வணங்குகிறேன்' என்பதும் பழைய கிரேக்கர் வழக்கம். பிளேட்டோவின் உரையாடலில் சாக்ரட்டீஸ்கூடச் சொல்கிறார். பாட்டிக்கு நெமெசிஸ் நினைவு இருந்திருக்காது. ரொட்டிக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒன்று மட்டும் பார்க்கக் கிடைக்கவில்லை: முகம். 1810களில் ரம்னூஸை அளந்து வரைய வந்த ஆங்கிலேயர் குழுவில் ஜான் பீட்டர் காண்டி என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். அவர் கண்டெடுத்த தலைத் துண்டு லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடலின் துண்டுகள் கிரேக்கத்தில் சில்லுச் சில்லாகக் கிடந்தன. 1970களின் தொடக்கத்தில் கியோர்கோஸ் தெஸ்பினிஸ் என்ற அறிஞர் அவற்றை இனம்கண்டு, இதுதான் அந்தச் சிலை என்று நிறுவினார். ஆக அவளுடைய பங்கும் பிரிந்துதான் கிடக்கிறது. லண்டன் விமானத்துக்கு என்ன விலை என்று கைபேசியில் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் அக்கா ஏகினா தீவுப் பிஸ்தா அரைக் கிலோ வாங்கினாள். இரண்டு பொட்டலமாகப் பிரித்துக் கட்டச் சொன்னாள். கடைக்காரர் கைநிறைய அள்ளி இரண்டு பையில் போட்டு நீட்டினார். அக்கா வாங்கவில்லை. தராசைக் காட்டினாள். முதல் பை 270 கிராம், இரண்டாவது 230. கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பிஸ்தாவாக எடுத்து மாற்றி, இரண்டு பைக்கும் முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை அளந்து கொடுத்தார்.

"சித்தப்பாவை இங்கே கூட்டி வந்திருக்க வேண்டும்" என்றாள் அக்கா, தன் பையைக் கைப்பையில் வைத்தபடியே.